வைக்கோலுக்கு ஊட்டமேற்றுவது எப்படி? ராமநாதபுரம் கடலோரத்தில் மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தை, மாசியில் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுகள் கடலோர ஊர்களை நோக்கிப் புறப்படுகின்றன. தொண்டி, தேவிபட்டினம், திருப்புல்லாணி, பெரியபட்டினம், ஏர்வாடி, சாயல்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் பங்குனியிலிருந்து ஐப்பசி மழை வரை பச்சைப்புல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கண்மாய்க் கரையும் காய்ந்துவிடும். அந்த ஏழு மாதமும் மாட்டின் வயிற்றை நிரப்புவது வைக்கோல்தான். நிரம்பிய வயிற்றோடு மாடு மெலிந்துகொண்டே போவதைப் பார்க்கிறவர்களுக்காகவே இந்தப் பக்கம். வயலுக்குப் போடும் யூரியா உரத்தைக் கொண்டு அந்த வைக்கோலுக்கு ஊட்டமேற்றும் முறையை இங்கே பார்க்கலாம்.

வயிறு நிறைய வைக்கோல் தின்றும் மாடு ஏன் மெலிகிறது?

வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். மாட்டின் முதல் வயிற்றில் நாரைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் பெருகி வேலை செய்ய, தீவனத்தில் குறைந்தது ஏழு பங்கு புரதமாவது வேண்டும். அது இல்லாதபோது நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. வைக்கோல் வயிற்றிலேயே நெடுநேரம் தங்கிவிடுகிறது. வயிறு காலியாகாததால் மாடு மேற்கொண்டு தின்பதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வைக்கோலின் நாரை லிக்னின் என்னும் மரச்சத்து இறுக்கிப் பிடித்திருக்கிறது. நெல் வைக்கோலில் அதோடு மணற்சத்தான சிலிக்காவும் மிகுதி. போதாக்குறைக்கு ஆக்சலேட் என்னும் உப்பு சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. உள்ளே இருக்கிற சத்து மாட்டுக்குக் கிடைக்காமல் சாணத்தோடு வெளியேறுகிறது.

யூரியா அதை எப்படி மாற்றுகிறது?

யூரியாவை நீரில் கரைத்து வைக்கோலில் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால், வைக்கோலில் ஏற்கெனவே உள்ள யூரியேஸ் என்னும் நொதியும் நுண்ணுயிர்களும் யூரியாவை அமோனியாவாக உடைக்கின்றன. அந்த அமோனியா ஈரத்தோடு சேர்ந்து காரமாகி, லிக்னினுக்கும் நாருக்கும் இடையிலுள்ள கட்டுகளைத் தளர்த்துகிறது. நார் ஊதி மென்மையாகிறது. ஒரு பகுதி அமோனியா வைக்கோலிலேயே தங்கி, வயிற்று நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜனாகக் கிடைக்கிறது.

கணக்குப் போட்டால் விளங்கும். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 4 கிலோ யூரியாவில் சுமார் 1.84 கிலோ. புரதக் கணக்கில் அதை 6.25 ஆல் பெருக்கினால் 11.5 கிலோ. அவ்வளவும் 100 கிலோ வைக்கோலில் தங்குவதில்லை. பிரிக்கும்போது பாதிக்கு மேல் காற்றோடு போய்விடுகிறது. அப்படிப் போனபின்னும் மூன்று, நான்கு சதவீதமாக இருந்த புரதம் ஏழு, எட்டுக்கு உயர்கிறது. செரிமானமும் கூடுகிறது. மாடு முன்னைவிடக் கூடுதலாகத் தின்கிறது. என்னைக் கேட்டால், இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய ஆதாயம்.

காரத்தால் வைக்கோலைப் பதப்படுத்தும் யோசனை புதிதல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் தீவனத் தட்டுப்பாடு வந்த ஜெர்மனியில் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தார்கள். அது கையைப் புண்ணாக்கும், நிலத்தையும் கெடுக்கும். நம் வீட்டுத் தொழுவத்துக்கு யூரியாதான் பொருத்தம்.

யூரியா மாட்டுக்கு விஷம் என்கிறார்களே?

உண்மை. யூரியாவையோ அதன் கரைசலையோ மாடு நேரடியாகத் தின்றால், குடித்தால் உயிர் போகும். மூன்று வாரம் மூடிவைத்த வைக்கோலில் யூரியாவின் பெரும்பகுதி அமோனியாவாக மாறி நாரோடு பரவி ஒட்டிவிடுகிறது; அதனால்தான் அதைக் கொடுக்க முடிகிறது. யூரியாவைத் தெளித்து அன்றைக்கே போடுவதும், தண்ணீர்த் தொட்டியில் ஒரு கை போட்டுவிடுவதும் கூடவே கூடாது. யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள்.

அளவு என்ன, செய்முறை என்ன?

காய்ந்த வைக்கோல் 100 கிலோ, யூரியா 4 கிலோ, தண்ணீர் 50 லிட்டர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வைக்கோலைக் கண்ணால் மதிப்பிடாமல் ஒரு முறையாவது எடை போட்டுப் பாருங்கள். இயந்திரம் கட்டிய கட்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. யூரியாவையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். கைப்பிடிக் கணக்கு ஆபத்து.

மேடான, சமமான இடத்தில் தார்ப்பாயை விரியுங்கள். கட்டுகளைப் பிரித்து உதறி, 20 கிலோ வைக்கோலை ஓர் அடுக்காகப் பரப்புங்கள். யூரியாவை ஒரு மணிகூட அடியில் தங்காமல் கரைத்து, அதில் 10 லிட்டரைப் பூவாளியால் அந்த அடுக்கின் மேல் சீராகத் தெளியுங்கள். காலால் நன்றாக மிதித்து அமுக்குங்கள். அதன் மேல் அடுத்த அடுக்கு. இப்படி ஐந்து அடுக்கு. ஓரங்களைத் தவறவிடுவது எல்லாரும் செய்வது. ஓரத்திலும் அதே அளவு விழ வேண்டும்.

மிதிப்பதில் சோம்பல் வேண்டாம். உள்ளே காற்று நின்றால் பூஞ்சை பிடிக்கும், அமோனியாவும் நாரோடு சேராது. மிதித்து முடித்ததும் கனமான பாலித்தீன் தாளால் மூடி, அடித் தார்ப்பாயின் ஓரத்தையும் மேல்தாளின் ஓரத்தையும் சேர்த்துச் சுருட்டி, மேலே மண்ணை அணையுங்கள். 21 நாள் திறக்கக் கூடாது. குளிர் ஊர்களில் இன்னும் கூடுதல் நாள் வேண்டும். நம் வெயிலுக்கு மூன்று வாரம் தாராளம்.

வைக்கோல் மழையில் நனைந்தோ, அறுத்த ஈரத்தோடோ இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள், யூரியாவைக் குறைக்காதீர்கள். தெளித்த வைக்கோலைக் கையில் முறுக்கினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் இவ்வளவு பெரிய குவியல் போட வேண்டியதில்லை. உள்ளே பாலித்தீன் உறை போட்ட பெரிய சாக்கிலோ மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயிலோ அமுக்கி நிரப்பி வாயைக் கட்டினால் போதும். 10 கிலோ வைக்கோலுக்கு 400 கிராம் யூரியா, 5 லிட்டர் தண்ணீர்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் யூரியா கரைக்கலாமா?

கடலோரத்தில் முதலில் வருகிற கேள்வி இதுதான். கலங்க வேண்டாம், கணக்குப் பாருங்கள். லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள தண்ணீர் என்று வைப்போம். 50 லிட்டரில் 150 கிராம். அது 100 கிலோ வைக்கோலில் பரவுகிறது. மாடு ஒரு நாளைக்கு 6 கிலோ தின்றால், அதன் வழியாகப் போகிற உப்பு 9 கிராம்தான். அதே கிணற்றில் அந்த மாடு 40 லிட்டர் குடித்தால் 120 கிராம் உப்பு உள்ளே போகிறது. கவலைப்பட வேண்டியது குடிதண்ணீரைப் பற்றி.

கடல்நீரை மட்டும் தொடாதீர்கள். அதில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 50 லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோ. 6 கிலோ வைக்கோலோடு 100 கிராமுக்கு மேல் போய்விடும். ஏற்கெனவே உவர்நீர் குடிக்கிற மாட்டுக்கு அது தாங்காது.

ஊட்டமேற்றிய வைக்கோல் தின்னும் மாடு கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். அதிகப்படி நைட்ரஜனைச் சிறுநீரில்தான் கழிக்க வேண்டும். ஆகவே நல்ல தண்ணீர் இருக்கிற அளவுக்கு அதை மாட்டுக்கு ஒதுக்கி, உவர்நீரைக் கரைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 3 கிராம் வரை மாடுகள் பொதுவாகத் தாங்கும். 5 கிராமைத் தாண்டினால் கழிச்சலும் பால் குறைவும் வரக்கூடும். 7க்கு மேல் சினை மாட்டுக்கும் கறவைக்கும் கூடாது. 10க்கு மேல் எந்த மாட்டுக்கும் வேண்டாம். ஊருணி நீரோ தொட்டியில் பிடித்த மழைநீரோ இருந்தால் கலந்து கொடுங்கள். உவர்நீர் குடிக்கிற மாட்டுக்குத் தனியாக உப்புப் போடுவதையும் நிறுத்துங்கள்.

குழி வெட்டி அதில் போடலாமா?

உள்மாவட்டங்களில் போடுகிறார்கள். நம் மணலில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் இடங்கள் உண்டு. அடி வைக்கோல் அழுகிவிடும். தரைக்கு மேல் குவியலாகப் போடுவதே நல்லது.

காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போகிறதே?

வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கிற தென்மேற்குக் காற்றுக்குச் செங்கல் பாரம் போதாது. பழைய மீன் வலையைத் தாளின் மேல் விரித்து, ஓரமெங்கும் மணல் சாக்குகளைக் கட்டித் தொங்கவிடுங்கள். வலை தாளை முழுவதும் ஒரே சீராக அழுத்திப் பிடிக்கும். பிரிக்கும்போது வலையை முதலில் எடுத்துத் தள்ளி வைத்துவிடுங்கள். நைலான் இழை மாட்டின் வயிற்றுக்குள் போனால் வெளியே வராது. முடிந்தால் சுவரின் காற்று மறைவில், தென்னை நிழலில் போடுங்கள். தாளும் வெயிலில் சீக்கிரம் நொறுங்காது. வாரம் ஒருமுறை சுற்றி வந்து காக்கை கொத்திய ஓட்டை, எலி கடித்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து ஒட்டிவிடுங்கள்.

இப்போது கிடைப்பதெல்லாம் வேம்பு பூசிய யூரியா. அது வேலை செய்யுமா?

செய்யும். வேப்பெண்ணெய்ப் பூச்சு மிக மெல்லியது. அதன் முதன்மையான வேலை, மண்ணில் அமோனியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவது. நமக்கு வேண்டிய மாற்றமோ யூரியாவிலிருந்து அமோனியா வரை மட்டுமே. பிரிக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் வேலை நடந்திருக்கிறது.

நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வைக்கோல் பழுப்பு கலந்த பொன்னிறமாகி, தொட்டால் மெத்தென்றிருக்கும். அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். முகத்தைக் கொண்டுபோய்க் குனியாமல் காற்று வரும் பக்கம் நின்று பிரியுங்கள். நெடியே இல்லை, புளித்த வாடை வருகிறது, வெள்ளையோ கறுப்போ பூஞ்சை படர்ந்திருக்கிறது என்றால் காற்றுப் புகுந்துவிட்டது. பூஞ்சை பிடித்த பகுதியையும் அதைச் சுற்றி ஒரு முழத்தையும் எடுத்து உரக்குழியில் போடுங்கள். காயவைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சை நச்சு வெயிலில் போகாது. பஞ்சத்தில் வாங்கிய வைக்கோலைக் கொட்ட மனம் வராது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

எப்படிக் கொடுப்பது? யாருக்குக் கொடுக்கக் கூடாது?

அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்து, மறுபடி இறுக மூடிவிடுங்கள். எடுத்ததை ஒன்றிரண்டு மணி நேரம் நிழலில் பரப்பி ஆறவிட்டு, நெடி தணிந்தபின் கொடுங்கள். முதல் நாள் கால்பங்கு, பழைய வைக்கோல் முக்கால்பங்கு. பத்து நாளில் படிப்படியாக முழுமைக்கு வாருங்கள். முதலில் சில மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கொஞ்சம் தவிட்டைத் தூவினால் பழகிவிடும். பழகியபின் வெறும் வைக்கோலைத் தொடாது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கூடாது. அவற்றின் முதல் வயிறு இன்னும் பக்குவப்படவில்லை. அசைபோடாத கழுதை, குதிரை, பன்றிக்கும் ஆகாது. நோயுற்ற, பல நாள் பட்டினி கிடந்த மாட்டுக்கு உடனே கொடுக்காதீர்கள். செம்மறி, வெள்ளாடுகளுக்கு நறுக்கிக் கொடுக்கலாம். ஆனால் வெள்ளாடு பொறுக்கித் தின்னும் பிராணி. பாதியை மிதித்துப் போடும்.

வைக்கோலில் வைட்டமின் ஏ இல்லை. ஊட்டமேற்றினாலும் வராது. நாளைக்கு இரண்டு, மூன்று கிலோவாவது அகத்தி, பூவரசு போன்ற பச்சைத் தழை சேருங்கள். உப்புச் சேராத தாது உப்புக் கலவை 30 முதல் 50 கிராம் வேண்டும். ஆக்சலேட் பறிக்கிற சுண்ணாம்புச்சத்தை அது ஈடுசெய்யும்.

தவறிப்போய் மாடு கரைசலைக் குடித்துவிட்டால்?

அரை மணி நேரத்துக்குள்ளேயே அறிகுறி தெரியலாம். எச்சில் ஒழுகும், தசை துடிக்கும், வயிறு உப்பும், மூச்சு வாங்கும், தள்ளாடி விழும். உடனே 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான கட்டணமில்லா எண் அது. மாடு நின்றுகொண்டு விழுங்கும் நிலையில் இருந்தால், இரண்டு லிட்டர் வினிகரை அதே அளவு குளிர்ந்த நீரில் கலந்து மெதுவாகப் புகட்டலாம். புளிப்பு அமோனியாவை அடக்கும், குளிர்ச்சி அது உண்டாகும் வேகத்தைக் குறைக்கும். விழுந்து வலிப்பு வந்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். மருத்துவர் குழாய் வழியாகக் கொடுப்பார்.

இந்த நிலைமை வராமலிருக்க ஒரே வழி: கரைசல் வாளியை மாட்டின் கண்ணில் படும்படி ஒரு நிமிடம்கூட வைக்காமல் இருப்பது. உப்புக்கு ஏங்கும் மாடு எதையும் நக்கும். காலி யூரியா சாக்கையும் தொழுவத்தில் போடாதீர்கள்.

கடலைக்கொடி, உளுந்துப் பொட்டு, சோளத்தட்டை இவற்றுக்கும் செய்யலாமா?

கடலைக்கொடிக்கும் உளுந்துப் பொட்டுக்கும் வேண்டாம். அவற்றில் புரதம் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. கடலைக்கொடியில் பத்து சதவீதத்தை ஒட்டி வரும். இலை உதிராமல் நிழலில் உலர்த்தி, ஈரமில்லாமல் அடுக்கினாலே அது பொன். கொல்லையில் கடலை போடுகிற பலர் கொடியை வெயிலில் வாரக்கணக்கில் கிடத்தி, இலையெல்லாம் உதிர்ந்த குச்சியை மாட்டுக்குப் போடுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

சத்தும் இனிப்பும் உள்ள தீவனத்தில் அமோனியா ஏற்றுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. சர்க்கரையோடு அமோனியா சூட்டில் சேர்ந்தால் நச்சுப் பொருள் உண்டாகி, மாடு வெறி பிடித்ததுபோல் ஓடி முட்டிக்கொள்ளும். குவியல் போடும்போது கருப்பட்டிப் பாகு, பதநீர், வெல்லப்பாகு எதையும் கலக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ருசிக்கு வேண்டுமென்றால், ஆறவைத்துக் கொடுக்கும் நேரத்தில் தெளியுங்கள்.

முற்றிக் காய்ந்த சோளத்தட்டைக்கும் கம்பந்தட்டைக்கும் செய்யலாம். ஒரு அங்குலம், இரண்டு அங்குலமாக நறுக்கிவிட்டுச் செய்யுங்கள். பச்சையோ இனிப்போ இருக்கிற தட்டைக்கு நறுக்குவது மட்டுமே போதும்.

யூரியா பக்கமே போக விருப்பமில்லை. வேறு வழி உண்டா?

உண்டு, பலன் கொஞ்சம் குறைவு. வைக்கோலை நறுக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு கடலைக்கொடி கலந்து கொடுத்தாலே நுண்ணுயிர்களுக்கு வேண்டிய புரதம் பெரும்பாலும் கிடைத்துவிடும். தேங்காய்ப் புண்ணாக்கு உச்சிப்புளி, மண்டபம் பக்கம் கிடைக்கும். அரைக் கிலோ ஊறவைத்து வைக்கோலோடு பிசறலாம். நல்ல தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் தூசி அடங்கும், தின்பது கூடும், ஆனால் செரிமானம் உயராது.

சீமைக்கருவேலங்காய் எங்கும் கொட்டிக் கிடக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்த வேண்டும், ஆனால் முழுக்காயாக அல்ல. காயில் இனிப்பு மிகுதி, புரதமும் பத்து சதவீதத்துக்கு மேல். வைக்கோலில் இல்லாத உடனடி ஆற்றல் அதில் இருக்கிறது. ஊட்டமேற்றிய வைக்கோலின் நைட்ரஜனை நுண்ணுயிர்கள் பயன்படுத்த அந்த ஆற்றல்தான் தேவை. ஆகவே இரண்டும் நல்ல ஜோடி.

முழுக்காயைத் தின்ற ஆடும் மாடும் விதையைச் செரிக்காமல் சாணத்தில் போடுகின்றன. கிடை போட்ட நிலமெல்லாம் கருவேலங்கன்று முளைப்பது அப்படித்தான். வயலைக் கெடுத்த மரத்தை நாமே விதைக்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் விழும் காயை உச்சிவெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் விதையும் நொறுங்கும்படி அரையுங்கள். மாலைக் கடற்காற்று பட்டால் காய் பிசுபிசுத்து அரவை இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அரைத்த மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள். நெடுநாள் அதையே பிரதானமாகத் தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை மெலிந்து, தலை ஒரு பக்கம் சாயும் நோய் வருவது பிரேசிலில் நன்றாக அறியப்பட்டது. கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை இனச் செம்மறி ஆடுகளை மேய்ச்சலுக்கு விடுகிறவர்களும் காய் விழும் மாதத்தில் கருவேலங்காட்டிலேயே நாள் முழுதும் நிறுத்தாமல் இடம் மாற்றுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாயை ஒட்டி விற்கிறது. கிலோ 6 ரூபாய். 100 கிலோ வைக்கோலுக்கு 24 ரூபாய். தாளைக் கவனமாக மடித்து வைத்தால் இரண்டு, மூன்று முறை வரும். மற்றபடி உங்கள் உழைப்பு.

பால் எவ்வளவு கூடும்?

கலப்பினக் கறவை பத்து லிட்டர் கறக்க வேண்டுமென்றால் வைக்கோலை மட்டும் நம்ப முடியாது, அடர்தீவனம் வேண்டும். நாட்டு மாடு, சினை மாடு, கறவை வற்றிய மாடு, வளரும் கிடேரி இவற்றுக்குத்தான் இதன் அருமை தெரியும். கொஞ்சம் பச்சையும் தாது உப்பும் சேர்ந்தால், உடம்பு கட்டுவிடாமல் இரண்டு லிட்டர் அளவு பாலுக்கும் தாங்கும். கோடையில் மெலியாத மாடு காலத்தில் சினைக்கு வரும். வருமானத்தை அங்கே பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை குவியல் போட வேண்டும்?

ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ என்றால் 100 கிலோ இருபது நாள் வரும். முதல் குவியலைப் பிரிப்பதற்கு முந்தின நாளே இரண்டாவதைப் போட்டுவிட்டால், இது தீர்கிற நேரத்துக்கு அது தயாராகும். இரண்டு மாடு என்றால் 200 கிலோவாகப் போடுங்கள். பங்குனியில் தொடங்கிப் புரட்டாசியோடு நிறுத்திவிடலாம். வடகிழக்கு மழையில் தாளுக்குள் நீர் இறங்கினால் குவியல் முழுதும் வீணாகும். ஐப்பசிக்குப் பிறகு வரப்பில் புல் வந்துவிடும். மீதமுள்ள வைக்கோலைப் படப்பாக வேய்ந்து, அடியில் பனைமட்டை பரப்பித் தரை ஈரம் ஏறாமல் வையுங்கள்.